மதாம் பிளெயெலின் விரல்கள்

1831 ஏப்ரல் மாதம். பிளாரன்ஸ் நகரத்தில் பெண்களுக்கு உடை தைக்கும் கடை ஒன்றுக்குள் இருபத்தேழு வயது பிரெஞ்சு இளைஞர் ஒருவர் அவசரமாக நுழைகிறார். பணிப்பெண் அணியும் உடுப்பு ஒரு தொகுதி, தொப்பி, பச்சை முகத்திரை எல்லாம் மாலை ஐந்து மணிக்குள் தயாராக வேண்டும் என்கிறார். விலையைப் பற்றிக் கவலையில்லை, அளவு அவருடையதேதான். அவரிடம் ஏற்கெனவே இரட்டைக்குழல் கைத்துப்பாக்கிகள் இரண்டு இருந்தன. துப்பாக்கி சுடாமல் போனால் உதவும் என்று அபின் மருந்தும் ஸ்டிரிக்னைனும் சிறு புட்டிகளில் எடுத்துக்கொண்டார். திட்டம் இதுதான்: பாரிசுக்குப் போவது, இரவு ஒன்பது மணிக்குக் குடும்பம் தேநீருக்கு உட்காரும் நேரத்தில் ஏதோ ஒரு சீமாட்டியின் பணிப்பெண் போலக் கடிதத்தோடு உள்ளே நுழைவது, அவர்கள் கடிதத்தைப் பிரிக்கும்போது தனக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணையும் அவள் தாயையும் இப்போது அவளை மணக்க இருந்தவரையும் சுடுவது, கடைசிக் குண்டைத் தன் தலைக்குள் செலுத்திக்கொள்வது.

அந்த இளைஞர் இசையமைப்பாளர் எக்டர் பெர்லியோஸ். சாகப் புறப்பட்டவர், கிளம்புவதற்கு முன் தன் சிம்பொனி ஒன்றின் கையெழுத்துப் பிரதியில், தான் இல்லாத காலத்தில் அதை வாசிப்பவர்கள் புல்லாங்குழல் பகுதியை எந்த வாத்தியங்களால் வலுப்படுத்த வேண்டும் என்று குறிப்பு எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். வழியில் வண்டி மாற்றும்போது உடைப் பொட்டலம் தொலைந்தது. ஜெனோவாவில் புதிதாக ஒன்று தைத்துக்கொண்டார். நீஸ் நகரத்துக்கு வந்து சேர்வதற்குள் கோபம் ஆறி, பசி எடுத்து, கடல் அழகாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. அங்கே இருபது நாள் தங்கி ‘லியர் மன்னன்’ முன்னிசையை எழுதினார். வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான இருபது நாட்கள் என்று பிற்பாடு எழுதியும் வைத்தார்.

மரி பிளெயெலைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அதையே செய்திருக்கிறேன். இவ்வளவு நல்ல கதையைக் கையில் வைத்துக்கொண்டு பிறந்த தேதியிலிருந்து தொடங்க யாருக்கு மனம் வரும்? ஆனால் இதில் அந்தப் பெண் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். சுடப்பட வேண்டியவர்கள் பட்டியலில் இருக்கிறார், அவ்வளவுதான். இசையமைப்பாளர்களான லிஸ்ட் தன் மிகக் கடினமான படைப்புகளில் ஒன்றையும், ஷோப்பான் தன் முதல் நோக்டர்ன் (இரவின் மனநிலையில் அமைந்த சிறு பியானோ உருப்படி) தொகுப்பையும் காணிக்கையாக்கிய ஒரு பியானோக் கலைஞர், இன்னொருவருடைய இளமைக் கிறுக்கில் துணைப்பாத்திரமாக நின்றுவிட்டார். எனக்கு இது நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

மரி-ஃபெலிசித்தே-தெனிஸ் மோக் என்பது பிறந்த பெயர். 1811 செப்டம்பர் 4 அன்று பாரிசில் பிறந்தார். தந்தை ஃபிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து வந்த மொழியாசிரியர், தாய் ஜெர்மானியர். அண்ணன் ஆன்றி மோக் பின்னாளில் பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர் ஆனார். பெல்ஜியம் என்ற நாடே 1830-இல்தான் பிறந்தது என்பதால், இவரைப் பிரெஞ்சுக்காரர் என்பதா பெல்ஜியர் என்பதா என்று கலைக்களஞ்சியங்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. பாரிசில் பிறந்து, பாரிசில் படித்து, பாரிசில் பெயர் எடுத்தவர், பிற்பாதியை பிரஸ்ஸல்ஸில் கழித்தவர் என்று சொல்லிவிட்டால் எனக்குப் போதும்.

ஆசிரியர்களைப் பார்த்தால் அக்காலத்துப் பியானோ உலகம் முழுவதும் இருக்கிறது. முதலில் ஜாக் ஹெர்ஸ், பிறகு மோஷெலெஸ், பிறகு கால்க்பிரென்னர். இந்தக் கால்க்பிரென்னரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விசைப்பலகைக்கு இணையாக ஒரு கட்டையைப் பொருத்தி, அதன்மேல் மணிக்கட்டை வைத்துக்கொண்டு வாசிக்கச் செய்தவர் அவர். கை நகரக்கூடாது, தோள் அசையக்கூடாது, வேலையெல்லாம் விரல்களுக்குத்தான். ஒவ்வொரு விரலும் தனித்தனியாக, சமமான பலத்தோடு, சத்தம் போடாமல் இறங்கி ஏற வேண்டும். பாரிசுக்கு வந்த ஷோப்பானிடமே தன்னிடம் மூன்று வருடம் படிக்கும்படி சொன்ன தன்னம்பிக்கைக்காரர். ஷோப்பான் நாசூக்காக மறுத்துவிட்டார். இன்று அந்தக் கட்டையைப் பற்றிப் படிக்கும்போது சித்திரவதைக் கருவி போலத்தான் தோன்றுகிறது. ஆனால் அக்காலத்துப் பாரிஸ் பியானோவின் விசை இன்றைய கச்சேரிப் பியானோவின் விசையைவிட மிகவும் இலேசானது, ஆழமும் குறைவு. தோள்பலம் தேவைப்படாத வாத்தியத்தில் முத்துக் கோத்தது போல ஓட்டங்களை வாசிக்க அந்தப் பயிற்சி உண்மையிலேயே உதவியது. மரியின் வாசிப்பைக் கேட்டவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் தெளிவும் சமநிலையும் இந்தப் பள்ளியிலிருந்து வந்தவை.

அந்தக் கால்க்பிரென்னர் பிளெயெல் பியானோ நிறுவனத்தில் பங்குதாரர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1830-இல் மரி பாரிசில் பெண்கள் பள்ளி ஒன்றில் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதே பள்ளியில் கிடார் ஆசிரியர் பெர்லியோஸ். மரியின்மீது முதலில் காதல் கொண்டவர் பெர்லியோஸின் நண்பரும் பியானோக் கலைஞருமான ஃபெர்டினாண்ட் ஹில்லர். தூது போனவர் பெர்லியோஸ். தூது போனவரே மாப்பிள்ளையாகிற கதையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஹில்லர் பெருந்தன்மையோடு விலகினார். வீட்டில் மரியைக் கமீல் என்றும் அழைப்பார்கள், பெர்லியோஸ் ‘ஏரியல்’ என்று அழைத்தார், ஷேக்ஸ்பியரின் அந்தக் காற்று தேவதை. அந்த வருடம் இளம் இசையமைப்பாளர்களுக்கான ரோம் பரிசு பெர்லியோஸுக்குக் கிடைத்தது. டிசம்பர் 5 அன்று அவருடைய ‘ஃபண்டாஸ்டிக் சிம்பொனி’ அரங்கேறியது. அதற்குப் பிறகுதான் மரியின் தாய் நிச்சயதார்த்தத்துக்கு அரைமனதாகச் சம்மதித்தார். பரிசின் நிபந்தனைப்படி மாப்பிள்ளை இத்தாலிக்குப் போய்த் தங்க வேண்டும். டிசம்பர் கடைசியில் அவர் பாரிசிலிருந்து புறப்பட்டார்.

நான்கு மாதம் கழித்துத் தாயிடமிருந்து கடிதம் வந்தது. மகள் மெஸ்யூ பிளெயெலை மணக்கிறாள், தயவுசெய்து தற்கொலை எதுவும் செய்துகொள்ள வேண்டாம் என்று. பெர்லியோஸ் அந்த அம்மாளை ‘நீர்யானை’ என்று நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் திட்டித் தீர்த்தார். இசை வரலாற்று ஆசிரியர்களும் நூற்றைம்பது வருடமாக அவருக்காக அந்த அம்மாளைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தத் தாயின்மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. ஒரு பக்கம், வருமானம் நிச்சயமில்லாத, பெற்றோரே எதிர்க்கிற, உணர்ச்சி வந்தால் என்ன செய்வார் என்று சொல்ல முடியாத இளைஞர். இன்னொரு பக்கம், ஐரோப்பாவின் பேர்பெற்ற பியானோத் தொழிற்சாலையின் முதலாளி, அவரும் நல்ல பியானோக் கலைஞர், மகளின் ஆசிரியருக்கே கூட்டாளி. பெண்ணைப் பெற்ற யாரும் எந்தப் பக்கம் சாய்வார்கள்? பச்சை முகத்திரை விஷயம் வேறு அப்போது அவருக்குத் தெரியாது.

மணமகன் கமீல் பிளெயெலுக்கு வயது 42, மணமகளுக்கு 19. இருவர் பெயரும் கமீல்தான் என்பது தற்செயல். திருமணம் 1831 ஏப்ரலில் நடந்தது. அதிலிருந்து சாகும்வரை அவர் பெயர் மதாம் பிளெயெல். அது ஒரு பெண்ணின் பெயர், அதோடு பியானோ மூடியின்மேல் பொன்னெழுத்தில் பொறித்த வணிகப் பெயரும்கூட.

மணவாழ்க்கை நான்கு வருடம் நிலைத்தது. 1835-இல் கணவர் பிரிந்தார். மனைவியின் நடத்தைதான் காரணம் என்பது அவர் தரப்பு. ஷோப்பான் ஊரில் இல்லாதபோது லிஸ்ட் அவருடைய வீட்டை மரியைச் சந்திக்கப் பயன்படுத்தினார், அதனால் ஷோப்பானுக்கும் லிஸ்டுக்கும் மனக்கசப்பு வந்தது என்ற வதந்தியும் உண்டு. வதந்திக்கு நான் சாட்சி சொல்லப் போவதில்லை. சட்டம் என்ன சொன்னது என்பது அதைவிட முக்கியம். பிரான்சில் 1816-இல் விவாகரத்தை ஒழித்துவிட்டார்கள், அது திரும்பி வந்தது 1884-இல்தான். அதுவரை பிரிந்து வாழலாம், மணத்தை முறிக்க முடியாது. நெப்போலியன் சட்டப்படி மணமான பெண் கணவனின் அனுமதி இல்லாமல் ஒப்பந்தம் போட முடியாது. 24 வயதில், மறுமணம் செய்துகொள்ள வழியில்லாமல், ஊரெல்லாம் பேசும் பெயரோடு, மரி வெளியே வந்தார். கையில் இருந்தது தொழில் ஒன்றுதான்.

அந்தத் தொழிலை அவர் எப்படி எடுத்துக்கொண்டு போனார் என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. ஹாம்பர்க், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், லைப்ஸிக், டிரெஸ்டன், வியன்னா என்று 1830-களின் கடைசியில் ஒரு பெரும் சுற்று. ரயில் பாதை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. பெரும்பாலும் குதிரை வண்டிப் பயணம், ஊருக்கு ஊர் வேறு பியானோ, வேறு விசை. தந்தையோ கணவனோ முன்னால் நின்று கச்சேரி ஏற்பாடு செய்வதுதான் பெண் கலைஞர்களுக்கு வழக்கமாக இருந்த காலம் அது. இவருக்கு அந்த இரண்டு பேரும் கிடையாது. பீட்டர்ஸ்பர்க்கில் பியானோக் கலைஞர் தால்பெர்க்கின் வாசிப்பைக் கேட்டது அவருக்குப் பெரிய தூண்டுதலாக இருந்தது என்கிறார்கள். தெரிந்த வித்தையை வைத்தே காலம் தள்ளியிருக்கலாம், ஆனால் புதிதாக ஒன்றைக் கேட்டதும் திரும்பவும் சாதகத்துக்கு உட்கார்ந்தார்.

1839 இலையுதிர்காலம், லைப்ஸிக். அங்கே இசையமைப்பாளர் மெண்டல்சன் அவருக்கு உதவினார், இன்னொரு இசையமைப்பாளரான ஷூமன் தன் பத்திரிகையில் அவரைப் பாராட்டி எழுதினார். அந்த நேரம் ஷூமன், கிளாரா வீக்கை மணக்க அனுமதி கேட்டு கிளாராவின் தந்தை ஃப்ரீட்ரிஷ் வீக்கோடு நீதிமன்றத்தில் போராடிக்கொண்டிருந்தார். வீக் என்ன செய்தார் தெரியுமா? ஊருக்கு வந்த மரியைத் தன் செல்லப்பிள்ளையாக ஏற்றுக்கொண்டு, கச்சேரியில் பக்கத்தில் உட்கார்ந்து இசைத்தாள்களைப் புரட்டினார். சொந்த மகளை வெறுப்பேற்ற ஒரு தந்தை கண்டுபிடித்த வழி! அவருடைய மகளோ அப்போது ஐரோப்பாவின் தலைசிறந்த இளம் பியானோக் கலைஞர்களில் ஒருவர். கிளாராவின் கடிதங்களில் கலக்கம் தெரிகிறது. காதலனும் அந்தப் பெண்ணைப் புகழ்கிறான், அப்பாவும் அவளுக்குத் தாள் புரட்டுகிறார். இந்தக் கதையிலும் மரி இன்னொருவர் சண்டையில் ஆயுதமாகிவிடுகிறார் என்பதைக் கவனியுங்கள். வாசித்தது அவர். அன்று அரங்கில் நடந்ததில் நமக்கு மிச்சம் இருப்பது வீக்கின் வன்மம்.

அதே வருடக் கடைசியில் வியன்னா. அங்கே லிஸ்ட் பீத்தோவன் நினைவுச்சின்னத்துக்காகக் கச்சேரிகள் செய்துகொண்டிருந்தார். அவர் மரியைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வந்து, தானே தாள் புரட்டினார். அரங்கம் எந்த நிலைக்குப் போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அக்காலத்தில் இசைத்தாளை வைத்துக்கொண்டு வாசிப்பதுதான் மரியாதை. தாள் இல்லாமல் மனப்பாடமாக வாசித்ததற்காகக் கிளாராவைச் சிலர் அகங்காரி என்றே சொன்னார்கள். ஆகவே தாள் புரட்டுகிறவர் யார் என்பது நிகழ்ச்சியின் ஒரு பகுதி. லிஸ்டைத் தாள் புரட்ட வைத்துக்கொண்டு, பார்வையாளர்களின் கண்ணைத் தன் கைகளில் நிறுத்துவது சாதாரணக் காரியம் அல்ல. பிரெஞ்சுக் கவிஞர் ஷெரார் த நெர்வால் அந்தக் குளிர்காலத்தில் வியன்னாவில் இருந்தார். அவரும் மயங்கினார். பதினைந்து வருடம் கழித்து ‘பண்டோரா’ என்று ஒரு கதையில் அவரைக் கொடுமைக்காரியாக எழுதினார். மரியைப் பார்த்த எழுத்தாளர்களுக்கு அவர் வாசித்த இசையைப் பற்றி ஒரு பத்தி எழுதத் தோன்றியதில்லை, தங்கள் மனப்புண்ணைப் பற்றி எத்தனை பக்கமும் எழுதினார்கள்.

சரி, அவர் எப்படித்தான் வாசித்தார்? எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி வருவதற்கு இரண்டு வருடம் முன்பே அவர் இறந்துவிட்டார். ஒரு நொடி ஒலிகூட இல்லை. நேரில் கேட்டவர்களின் சொற்களை ஓரளவுக்குத்தான் நம்ப முடியும். அதனால் நான் வேறொரு சாட்சியைத் தேடிப் போனேன். அவருக்காகக் காணிக்கை செய்யப்பட்ட, அவர் மேடையில் எடுத்து வாசித்த இசைத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டேன். காணிக்கைப் பக்கத்தில் முகஸ்துதி இருக்கலாம். அடுத்த பக்கத்தில் இருக்கும் ஸ்வரங்களில் முகஸ்துதிக்கு இடமில்லை, அவற்றை யாராவது வாசித்தாக வேண்டும்.

முதலில் ஷோப்பானின் ஓபஸ் 9 (படைப்பு எண் 9), மூன்று நோக்டர்ன்கள். 1832 கடைசியிலும் 1833-இலும் அச்சாயின. முதல் பக்கத்தில் ‘மதாம் கமீல் பிளெயெலுக்கு’ என்று இருக்கிறது. ஷோப்பானின் முதல் பாரிஸ் கச்சேரி 1832 பிப்ரவரியில் பிளெயெல் அரங்கில்தான் நடந்தது, அவருக்குப் பிடித்த பியானோவும் பிளெயெல்தான். எனவே இது முதலாளியின் மனைவிக்குச் செய்த மரியாதை என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். இருக்கட்டும். ஆனால் முதல் நோக்டர்னின் ஆரம்பத்தைப் பாருங்கள். இடது கை ஆறு ஸ்வரங்களைச் சீராக வாசித்துக்கொண்டிருக்கும்போது வலது கை அதே நேரத்துக்குள் பதினொன்றை வாசிக்க வேண்டும். அடுத்த தாள அளவில் பன்னிரண்டுக்கு இருபத்திரண்டு. கணக்குப் போட்டுப் பிரித்தால் கிடைக்காது. இடது கை தாளத்தைத் தாங்கிக்கொண்டே இருக்க, வலது கை பாடகியின் குரல் போல மிதந்து வந்து சரியான இடத்தில் இறங்க வேண்டும். ஒவ்வொரு விரலும் சமமாகப் பேசக் கற்ற ஒருவருக்குத்தான் இது இயல்பாக வரும். இரண்டாவது நோக்டர்ன் உலகமே அறிந்தது, திருமண வரவேற்பிலும் கைபேசி மணியிலும் கேட்டுச் சலித்தது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. கொஞ்சலாக, ஏறக்குறைய கேலியாகத் தொடங்கி, நடுவில் திடீரென்று கொந்தளித்து, ஒன்றும் நடக்காதது போலத் திரும்புகிறது. இந்தத் தொகுப்பை லண்டனில் வெளியிட்ட பதிப்பாளர் அதற்கு ‘சேன் நதியின் முணுமுணுப்புகள்’ என்று தானாக ஒரு பெயர் வைத்து ஷோப்பானிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அடுத்தது ஜெர்மன் இசையமைப்பாளர் வெபரின் ‘கச்சேரித் துண்டு’. பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக 1821-இல் எழுதியது. மரி ஊர் ஊராக எடுத்துச் சென்ற உருப்படிகளில் முக்கியமானது இது. 1846-இல் லண்டன் பில்ஹார்மோனிக் சங்கத்தின் மேடையிலும் இதையே வாசித்தார். சிலுவைப் போருக்குப் போன கணவனுக்காகக் கோட்டையில் காத்திருக்கும் பெண்ணின் கதையை மனத்தில் வைத்து எழுதினேன் என்று வெபரே சொல்லியிருக்கிறார். நடுவில் ஒரு கட்டம் உண்டு. தொலைவிலிருந்து அணிவகுப்பு இசை மெல்லத் தொடங்கிப் பெருகுகிறது. அது முழுக்க முழுக்க இசைக்குழுவின் வேலை. பியானோக் கலைஞர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அரங்கமே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு ஒரே வீச்சில் வலது கை இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடித்தபடி விசைப்பலகையின் மேல் வழுக்கிக்கொண்டு மேலேறுகிறது. இன்றைய கனமான விசையில் அதைச் செய்தால் நகக்கண் கிழிந்துவிடும். பலர் இரு கைகளாலும் பிரித்துக்கொண்டு சமாளிப்பார்கள். அன்றைய இலேசான விசையில் அது சாத்தியம், ஆனாலும் மணிக்கட்டின் கோணம் மயிரிழை தவறினால் மாட்டிக்கொள்ளும். கணவனால் கைவிடப்பட்டவள் என்று ஊர் பேசும் ஒரு பெண், கணவன் திரும்பி வருகிற கதையை ஐரோப்பா முழுக்க மேடையேற்றி வாசித்துக்கொண்டிருந்தார் என்பதில் உள்ள துணிச்சலை நான் மிகவும் ரசிக்கிறேன். அவர் இதைக் குறும்பாகத்தான் செய்தார் என்று நம்பவே எனக்கு விருப்பம்.

மூன்றாவது சாட்சி லிஸ்டின் ‘நோர்மா நினைவுகள்’. பெல்லினியின் ஓபராவிலிருந்து எடுத்த மெட்டுகளைக் கோத்து லிஸ்ட் 1841-இல் எழுதி, 1844-இல் மரிக்குக் காணிக்கையாக்கி வெளியிட்டது. கூடவே ஒரு வேடிக்கைக் கடிதம். ஆக்டேவ்களையும் (எட்டு ஸ்வர இடைவெளியில் சேர்த்து ஒலிக்கும் ஜோடிகள்) அர்பெஜியோக்களையும் (ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) சுமக்க முடியாத அளவுக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறேன் என்கிற தொனியில், சக கலைஞருக்குச் சக கலைஞர் பேசுகிற கிண்டல். உள்ளே போனால் கிண்டல் நின்றுவிடுகிறது. ஒரு கட்டத்தில் மெட்டு விசைப்பலகையின் நடுப்பகுதியில் ஒலிக்கிறது, கீழேயும் மேலேயும் அர்பெஜியோக்கள் அலையாகப் புரள்கின்றன. மூன்று கைகள் வாசிப்பது போன்ற பிரமை. அந்த உத்தி தால்பெர்க்குடையது. இரண்டு கட்டைவிரல்களும் மாறி மாறி மெட்டைப் பிடித்துக்கொள்ள, மற்ற எட்டு விரல்களும் அதைச் சுற்றி வேலை செய்யும். மெட்டு எங்கேயும் அறுபடக்கூடாது, எந்தக் கை பிடித்திருக்கிறது என்று காதுக்குத் தெரியவும் கூடாது. முடிவில் முன்பு தனித்தனியாக வந்த இரண்டு மெட்டுகள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. இன்றைக்கும் இதை மேடையில் வாசிக்க முன்வருகிறவர்கள் குறைவு. தால்பெர்க்கைக் கேட்டுப் பாடம் படித்தவர் மரி. அந்தப் பாடத்தின் உச்சத்தை எழுதி ‘இது உங்களுக்கு’ என்று லிஸ்ட் கொடுக்கிறார். லிஸ்ட் பெண்களிடம் இனிக்க இனிக்கப் பேசுவார், மறுக்கவில்லை. ஆனால் வாசிக்கவே முடியாத ஒருவருக்கு இப்படி ஒன்றைக் காணிக்கையாக்கினால் அது அவமானப்படுத்துவதாகிவிடும்.

அதே 1844-இல் பாரிஸ் இசைப் பத்திரிகை ஒன்றில் பெர்லியோஸ் ஒரு தொடர்கதை எழுதினார். காலம் 2344. மக்கள் அனைவரும் இசையையே தொழிலாகக் கொண்ட ‘யூஃபோனியா’ என்ற நகரம். அதில் ஒரு துரோகக் காதலி, பெயர் ‘எல்லிமாக்’. கமீல் என்பதைத் திருப்பி எழுதினால் அதுதான் வரும். காதலன் பெயர் ‘ரோத்சேக்’, எக்டர் தலைகீழாக. கடைசியில் எஃகுச் சுவர்கள் நெருங்கி வந்து நசுக்கும் மண்டபம் ஒன்றில் அவளைச் சாகடிக்கிறார். சம்பவம் நடந்து பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது. இடையில் அவர், மரிக்கு முன்பே தான் காதலித்த நடிகை ஹாரியட் ஸ்மித்சனையே மணந்து, மகனும் பிறந்துவிட்டான். இன்னும் கொல்லத் தோன்றுகிறது. பெர்லியோஸின் இசை எனக்கு மிகவும் பிடிக்கும், அதனால்தான் இதைச் சொல்லும்போது எரிச்சல் கூடுகிறது. நூலாக வந்தபோது பெயர்களை மாற்றினார் என்பதை அவர் கணக்கில் வரவு வைக்கலாம். 1844-இல் அச்சான இந்த இரண்டையும் அருகருகே வைத்தால், ஒன்றில் பத்து விரல்களுக்கும் வேலை இருக்கிறது, இன்னொன்றில் ஒரு பிணம் இருக்கிறது.

1845-இல் மரி பாரிசுக்குத் திரும்பி வாசித்துக் கொண்டாடப்பட்டார். 1848-இல் பிரஸ்ஸல்ஸ் ராயல் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் பியானோப் பேராசிரியரானார். அங்கே இயக்குநர் ஃபெதிஸ், இசை அகராதி எழுதிய கறாரான மனிதர், பெர்லியோஸோடு பத்திரிகைச் சண்டை போட்டவர். க்ளெமெண்டி காலம் தொட்டுத் தன் காலம்வரை புகழ்பெற்ற பியானோக் கலைஞர்கள் எல்லோரையும் கேட்டிருக்கிறேன், மதாம் பிளெயெலைப் போல முழுமை என்ற உணர்வைத் தந்தவர் வேறு யாருமில்லை என்று அவர் எழுதினார். தன் நிறுவனத்துப் பேராசிரியரைப் புகழ்கிறார் என்று கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனால் எல்லோரையும் கேட்டிருந்தார் என்பது உண்மை.

பாரிஸ் கன்சர்வேட்டரியில் இதே காலத்தில் இன்னொரு பெண் பேராசிரியர் இருந்தார், லூயிஸ் ஃபாரென்க். அவரும் மோஷெலெஸிடம் பயின்றவர், மூன்று சிம்பொனிகள் எழுதியவர். 1842-இல் நியமனம். ஆண் பேராசிரியர்களைவிடக் குறைவான சம்பளத்தில் எட்டு வருடம் வேலை செய்து, 1850-இல் அவருடைய ஒன்பது வாத்தியங்களுக்கான நோனெட் பெரிய வெற்றி பெற்ற பிறகு, ‘அவர்களுக்குத் தருவதையே எனக்கும் தாருங்கள்’ என்று இயக்குநருக்குக் கடிதம் எழுதிப் பெற்றார். இன்று ஃபாரென்க்கை மீட்டெடுத்துக் கொண்டாடுகிறார்கள், மகிழ்ச்சி. அவருக்கு எழுதி வைத்த ஸ்வரங்கள் இருக்கின்றன. மரி ஒரு சில சிறு உருப்படிகளைத் தவிர எதையும் எழுதவில்லை. வாசிப்பையே கலையாகக் கொண்டவர்களுக்கு ஒலிப்பதிவுக்கு முந்திய வரலாற்றில் இடம் கிடைப்பதில்லை. ஆணாக இருந்தாலும் அதே கதிதான் என்பதையும் சொல்ல வேண்டும். கால்க்பிரென்னரை இன்று யார் கேட்கிறார்கள்? ஆனால் கால்க்பிரென்னரை யாரும் எஃகு மண்டபத்தில் நசுக்கவில்லை.

பிரஸ்ஸல்ஸில் இருபத்து நான்கு வருடம் கற்பித்தார். பெல்ஜியத்தில் பியானோக் கல்வி வேரூன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நடுவே 1855-இல் கமீல் பிளெயெல் இறந்தார், சட்டப்படி அப்போதுதான் அந்த மணம் முடிந்தது. பெயரை மட்டும் மரி கடைசிவரை விடவில்லை. விடவும் ஏன் வேண்டும்? கச்சேரி விளம்பரங்களில் அந்தப் பெயருக்கு மதிப்பு ஏற்றியதில் அவருடைய விரல்களுக்கும் பங்கு உண்டு. பெர்லியோஸ் 1869-இல் இறந்தார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1870-இல் முழு நூலாக வெளிவந்தன. துப்பாக்கி, பச்சை முகத்திரை, ஸ்டிரிக்னைன் எல்லாவற்றோடும். மரிக்கு அப்போது 58 வயது, வகுப்புகள் நடத்திக்கொண்டிருந்தார். பதிலுக்கு அவர் நினைவுக் குறிப்பு எதையும் வெளியிடவில்லை. 1872-இல் ஓய்வு பெற்று, 1875 மார்ச் 30 அன்று பிரஸ்ஸல்ஸை ஒட்டிய சென்-ஜோஸில் காலமானார். அதே வருடம் செப்டம்பரில் பாரிசில் ஃபாரென்க் காலமானார்.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை: ஓபஸ் 9-இல் இரண்டாவதைத் தாண்டிக்கொண்டு மூன்றாவதிலிருந்து ஆரம்பியுங்கள். முடிந்தால் பழைய பிளெயெல் பியானோவில் வாசித்த பதிவாகத் தேடுங்கள், அந்த மங்கலான வெள்ளி ஒலி இன்றைய வாத்தியங்களில் கிடைக்காது. பிறகு வெபர், அணிவகுப்புக் கட்டம்வரை பொறுமையாக. ‘நோர்மா நினைவுக’ளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகும். அந்த ஓபராவில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டான ‘காஸ்தா தீவா’ அதில் வராது. லிஸ்ட் அதை வேண்டுமென்றே விட்டுவிட்டார், காத்திருக்க வேண்டாம்.